சிறுகைகள் செய்த டிசம்பர்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து ஆட்களைக் கூட்டினார். அவர் பெரிதும் நம்பியது பிள்ளைகளைத்தான். கற்றதை வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களிடம் சொன்னார். நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்து, எல்லா இடத்துக்கும் தாம் போக முடியாமல் திணறியபோது, சிறுவர்களையே ஜெபம் சொல்ல அனுப்பிவைத்தார் என்பதை அவருடைய கடிதங்களில் படிக்கிறோம். 1545இல் அவர் மயிலாப்பூருக்கு வந்து தோமையார் கல்லறையை ஒட்டிச் சில மாதங்கள் தங்கினார்.

சவேரியாரின் சமயப் பணியைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே பல கருத்துகள் உண்டு. என் மனத்தில் நிற்பது அந்தப் பிள்ளைகள்தாம். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஒரு பெரியவர் அவர்களிடம் கொடுத்தார், அவர்களும் செய்தார்கள். கிறிஸ்துமஸ் காலத்தின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் இதே காட்சியை வேறு வேறு ஊர்களில் பார்க்கிறேன். இந்தப் பண்டிகையோடு ஒட்டிக்கொண்ட அடையாளங்கள் பலவும் குழந்தைகள் கையில் பிறந்தவை, அல்லது அவர்களுக்காகப் பிறந்தவை. இன்றைய சென்னையிலோ அதே குழந்தைகளுக்குப் புத்தாடை உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, வேடிக்கை பார்க்கச் சொல்லிவிட்டோம். இது சின்ன இழப்பு அல்ல என்று நினைக்கிறேன்.

டிசம்பர் பிறந்ததும் மந்தைவெளியிலும் சாந்தோமிலும் பால்கனிகளில் ஏறிவிடுகிற நட்சத்திரத்தைப் பாருங்கள். பல முனைகளோடு கூடிய அந்தக் காகித நட்சத்திரத்தின் கதை, ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சபையார் நடத்திய சிறுவர் பள்ளியில் தொடங்குகிறது. 1830களில் வடிவக்கணிதப் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் அதைச் செய்தார்கள். காகிதத்தை அளந்து வெட்டி, கூம்புகளாக மடித்து, ஒட்டி, நடுவில் விளக்கு வைத்தார்கள். மொரேவிய சபையார் 1760 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம் தரங்கம்பாடிக்கு அருகிலும் குடியிருந்தார்கள். ஆனால் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பிற்பாடு அது வேறு வழிகளில் உலகம் சுற்றி நம் கம்பிக்கிராதிகளுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து, தேவாலயங்களில் திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொன்றாக ஏற்றும் மெழுகுவத்திகள். 1839இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள் என்பார்கள். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவத்தியும் மற்ற நாட்களுக்குச் சிறியதுமாக அதன் மேல் நிறுத்தினார். நாளுக்கு ஒன்று ஏற்றினால் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். பீடத்தில் இன்று நான்கு மெழுகுவத்திகளோடு அழகாக நிற்கும் அந்த வளையம், பொறுமை இழந்த குழந்தைகளுக்கு ஒருவர் சொன்ன பதில்.

காத்திருப்பதைச் சொல்லும்போது பரங்கிமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலையுச்சியில் 1523இல் போர்த்துகீசியர் கட்டிய கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் அன்னைக்கு உரியது. அதன் திருநாள் டிசம்பர் 18. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. அங்கே மண்ணைத் தோண்டியபோது 1547இல் கிடைத்த பழைய கற்சிலுவை, 1558ஆம் ஆண்டு அதே டிசம்பர் 18 அன்று வியர்த்தது என்பது நெடுநாளைய நம்பிக்கை. நிறைமாத அன்னையை நினைக்க ஒரு கோயிலும் ஒரு நாளும் இருப்பது குழந்தைகளுக்குப் பண்டிகையைச் சொல்லித்தர எத்தனை நல்ல இடம்! தம்பியோ தங்கையோ பிறக்கக் காத்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. அந்த வாரத்தில் படியேறிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மேலிருந்து பார்த்தால் விமானம் இறங்குவதும் தெரியும். அவர்களுக்கு அதுவும் வேண்டியதுதான்.

அதே நாட்களில் மயிலாப்பூரில் மார்கழி பிறந்திருக்கும். திருவருகைக்காலத்தின் பின்பாதியும் மார்கழியின் தொடக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவது பஞ்சாங்கத்தின் தற்செயல்தான். என்றாலும் இந்த ஊரில் அது வெறும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. கடவுளைக் குழந்தையாகக் கொஞ்சுவதைத் தமிழுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டி, அம்புலியைக் கூப்பிட்டுக் காட்டி, குளிக்க அழைத்துப் பாடிய பெரியாழ்வாரிடமிருந்து பிள்ளைத்தமிழ் என்ற ஒரு தனி இலக்கிய வகையே கிளைத்து வந்தது. அவர் மகள் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஒரு பெரும் பகுதி, சிறுமிகள் ஒருவரை ஒருவர் வீட்டு வாசலில் நின்று எழுப்பும் பேச்சு. மார்கழியும் பிள்ளைகள் வாசல் வாசலாகப் போகும் மாதம்தான். தொழுவத்தில் கிடக்கும் தெய்வக் குழந்தையை இந்த மண் அந்நியமாகப் பார்க்காததற்கு இப்படி ஆழமான காரணங்கள் உண்டு. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அந்தக் குழந்தையின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி 3,615 பாடல்கள் பாடியதும் இந்த மண்ணின் மரபைக் கற்றுத் தேர்ந்த பிறகுதான்.

பொம்மைகளுக்கு மதம் கிடையாது என்பதை வடக்கு மாட வீதியில் கொலுச் சமயத்தில் நின்றால் உணரலாம். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அதே குயவர் குடும்பங்கள்தாம் நவராத்திரி முடிந்ததும் மாதாவையும் சூசையப்பரையும் ஆட்டிடையரையும் வார்க்கத் தொடங்குகின்றன. ஒரே களிமண், ஒரே சூளை, வர்ணம் தீட்டுவதும் அதே விரல்கள். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து முதல் குடிலை அமைத்தது, எழுத்தறியாத எளிய சனங்களும் பெத்லகேமைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். வீட்டில் படிக்கத் தெரியாத எளியவர் யார்? மூன்று வயதுப் பிள்ளை. குடில் அந்தப் பிள்ளைக்கு உரியது.

ஆனால் இப்போது நம் வீடுகளில் குடில் கண்ணாடி மேசை மேல், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. உடைந்துவிடும் என்கிறோம். உடையட்டுமே. மண்பொம்மை உடைந்தால் அடுத்த வருஷம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சில வீடுகளில் பத்து நாள் முன்னதாகவே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பார்கள். பண்டிகைக்குள் தொழுவத்தைச் சுற்றிப் பச்சைப்புல் வந்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது குழந்தையின் பொறுப்பு. 24ஆம் தேதி இரவு வரை தீவனத்தொட்டி காலியாக இருக்க வேண்டும். பாலனைக் கொண்டுவந்து கிடத்துவது வீட்டின் கடைக்குட்டி. மூன்று ராஜாக்களையும் ஒட்டகங்களையும் தொலைவில், புத்தக அலமாரி மூலையில் நிறுத்திவிட்டு நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினால் ஜனவரி 6 அன்று வந்து சேர்வார்கள். இப்படிச் செய்தால் பண்டிகை ஒரே இரவில் முடிந்துபோவதில்லை. சிறுபிள்ளைகளின் கால அளவுக்கு ஒரே நாளில் எல்லாம் நடந்து முடிவது பெரிய கொடுமை.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் பச்சிளம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாந்தோம் பேராலயத்திலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் அன்றிரவு கூடும் கூட்டத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம். குழந்தை அப்பா தோளில் தூங்கிவிடும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மறுநாள் காலை வெயில் ஏறுமுன், கூட்டம் கலைந்த கோயிலில் குடிலுக்கு முன்னால் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை ஆடுகளை எண்ணும். எனக்குத் தெரிந்த வரை அதுவே சிறந்த வழிபாடு.

சென்னையின் டிசம்பருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் கிறிஸ்துமஸ் வாரத்தில் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் மூடியிருக்கும். வக்கீல்களுக்கு ஓய்வு கிடைத்த அந்த வாரத்தில்தான் காங்கிரஸ் ஆண்டுதோறும் கூடியது. 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடியதும் டிசம்பர் கடைசியில். 1927இல் அன்சாரி தலைமையில் மறுபடியும் இங்கே கூடியபோது, அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. பின்னால் சபாக்கள் பெருகி, டிசம்பர் சீசன் என்றாலே மயிலாப்பூர் என்றாகிவிட்டது. அடையாறில் பிரம்மஞான சபையின் ஆண்டு மாநாடும் அதே கடைசி வாரத்தில் நடப்பது வழக்கம். கச்சேரிக்கு ஓடும் மாமாவும் கேக் சுடும் அக்காவும் ஒரே விடுமுறையின் நிழலில் ஒதுங்கியவர்கள். பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறையும் அந்த நிழலில்தான் இருக்கிறது.

அந்த விடுமுறை பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்பு வரை அரையாண்டுத் தேர்வு. தேர்வு முடிந்த கையோடு வீட்டுப்பாடம் என்று ஒரு கட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் செய்முறை அட்டை செய்துவரச் சொல்கிறார்கள். அதைச் செய்வது அம்மா. ஆக, கையால் செய்யும் சந்தோஷமும் குழந்தையிடமிருந்து போய்விடுகிறது. நீஸ்கிப் பள்ளி ஆசிரியர் கணக்குப் பாடத்தை நட்சத்திரமாக்கினார். நாம் நட்சத்திரத்தையும் மதிப்பெண்ணாக்கிவிட்டோம். பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் இந்தப் போக்கு தெரிகிறது. இந்த நகரின் கிறிஸ்தவப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவின் வேட்டித் துண்டைத் தலையில் கட்டி இடையர்களாகவும், ஜரிகை ஒட்டிய அட்டைச் சிறகோடு வானதூதர்களாகவும் மேடையேறியிருக்கிறார்கள். வசனத்தை மறந்து நின்ற இடையனைப் பார்த்து அரங்கமே கைதட்டும். இன்று வாடகை உடையும், பதிவுசெய்த குரலும், நடன ஆசிரியர் சொல்லித்தந்த அசைவும் வந்துவிட்டன. பிழை வராமல் இருக்கிறது, ஆனால் குழந்தை செய்தது என்று அதில் என்ன இருக்கிறது?

தியாகராய நகர்க் கடைவீதியில் டிசம்பரில் நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவை நான் வெறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயராக இருந்த நிக்கோலாஸின் பெயரில் வந்தவர் அவர். யாருக்கும் தெரியாமல் ஏழை வீட்டுக்குப் பணமுடிப்பைப் போட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. முகமூடியைப் பார்த்து வீறிட்டு அழும் இரண்டு வயதுப் பிள்ளையை அவர் மடியில் பிடித்து உட்காரவைத்துப் படம் எடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பயந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஆன பிள்ளையிடம் நிக்கோலாஸின் வேலையையே கொடுக்கலாம்: வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைக்கோ காவலாளியின் பேத்திக்கோ ஒரு பரிசைத் தானே தேர்ந்து, யார் தந்தது என்று தெரியாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். ரகசியம் காக்கத் துடிக்கும் அந்த முகத்தை எந்தக் கடைத் தாத்தாவும் வரவழைத்துவிட முடியாது.

சென்னைக் கிறிஸ்துமஸின் உயிர் என்று நான் நினைப்பது பலகாரத் தட்டைத்தான். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறும். அதிரசம், முறுக்கு, ரோஸ் குக்கீஸ் என்று சிலரும் அச்சுமுறுக்கு என்று சிலரும் சொல்லும் பூ வடிவப் பலகாரம், அப்புறம் கல்கல். சூடான எண்ணெயிடம் பிள்ளைகளை விட முடியாது, கல்கல் அவர்களுடையது. இனிப்பு மாவைச் சிறு உருண்டையாக உருட்டி, முள்கரண்டியின் பின்புறத்திலோ அதற்கென்று வாங்கிய புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டினால் சிப்பிபோல வரி விழும். நான்கு வயதுக் கை சுருட்டியது கோணலாகத்தான் வரும். அதுவும் அதே சட்டியில்தான் பொரியும். தட்டில் மற்றவற்றோடு போகும்.

தட்டை எடுத்துப்போவது பெரும்பாலும் பிள்ளைகள். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த தட்டுக்கு டிசம்பரில் இது மறுமொழி. கதவு திறந்ததும், "மாமி, அம்மா குடுக்கச் சொன்னாங்க. முட்டை போடலைன்னும் சொல்லச் சொன்னாங்க" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் திரும்பப் பார்க்கும் குழந்தையை, "வெறுந்தட்டாக் குடுக்கப்படாதுடா, செத்த இரு" என்று நிறுத்திவிட்டு உள்ளே போகும் மாமி, இரண்டு வாழைப்பழமோ ஒரு கைப்பிடிச் சர்க்கரையோ வைத்துத் தருவார். இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு மேடைப் பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை அதை முழங்கை உயரத் தட்டில் கற்றுக்கொண்டது. யார் வீட்டில் முட்டை ஆகாது, யார் வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் இந்த வருஷம் சாவு, அதனால் பண்டிகை இல்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இப்போது இனிப்புப் பெட்டியைச் செயலியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். யாரோ ஒரு பையன் ஹெல்மெட்டோடு வந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் பக்கத்துப் பிளாக்குக்கே போக முடியும் என்றால் பிள்ளை எப்படித் தட்டை எடுத்துப்போகும்?

கேரல் ரவுண்ட்ஸும் இதைப் போன்றதுதான். வேனில் கீபோர்டும் ஒலிபெருக்கியுமாக நடுராத்திரியில் வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடும் வழக்கம், தூங்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தொந்தரவாகிவிட்டது. மாலை ஏழு மணிக்குள், நடந்து, பிள்ளைகளை முன்னால் விட்டுப் பாடட்டும். தமிழ்க் கீர்த்தனைகளும் பாடட்டும். தஞ்சையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவரிடம் போனவர். சாஸ்திரியார் கட்டிய பாட்டுகள் சபாக்களில் ஒலிக்கும் அதே ராகங்களில் அமைந்தவை. மார்கழியில் ராகம் கேட்டு வளரும் மயிலாப்பூர்க் குழந்தைக்கு அவை சட்டென்று நாவில் ஏறும்.

எழுதக் கை தயங்கும் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வீடுகளில் பண்டிகைப் பலகாரம் தீர்ந்திருக்கவில்லை. மெரினா மணலில் பையன்கள் காலை கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாந்தோமை ஒட்டிய குப்பங்களில் கடல் வீட்டுக்குள் வந்தது. சென்னையில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி போயிருந்த குடும்பங்களும் அதில் உண்டு. எங்கும் குழந்தைகள் பலர் தப்ப முடியாமல் போனார்கள். அன்று முதல் குப்பங்களில் பண்டிகைக்கு மறுநாள் கடலில் பாலூற்றிப் பூத்தூவும் நாளாகிவிட்டது. நட்சத்திரத்தை இறக்காமலே, அதன் கீழே இறந்தவர்கள் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

இதைச் சிறுபிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு, சொல்லலாம் என்பதே என் பதில். நான்கு வயதில் வேண்டாம்; ஏழு எட்டு வயதில், கையைப் பிடித்துக்கொண்டு, படங்கள் காட்டாமல் சொல்லலாம். கிறிஸ்துமஸ் கதையிலேயே இடமில்லாமல் அலைந்த நிறைமாதப் பெண் இருக்கிறாள். ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பம் இருக்கிறது. பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளை நினைக்கத் திருச்சபை டிசம்பர் 28ஐ வைத்திருக்கிறது. துக்கத்தை மறைத்து வைத்த பண்டிகை அல்ல இது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியபோது, தங்கள் புத்தாடையை எடுத்துக் கொடுத்த பிள்ளைகளை நாமே பார்த்தோம். கொடுக்கச் சொன்னால் அவர்கள் கொடுப்பார்கள், கேட்பதற்குத்தான் நாம் தயங்குகிறோம்.

ஆகவே, வரும் டிசம்பருக்குச் சில வேண்டுகோள்கள். பள்ளித் தலைமையாசிரியர்களே, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையில் எழுத்து வேலை எதுவும் கொடுக்காதீர்கள். குடியிருப்போர் சங்கங்களே, பண்டிகை வாரத்தில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகள் எந்தப் பிளாக்குக்கும் தட்டோடு போகலாம் என்று காவலாளிகளுக்குச் சொல்லிவையுங்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அதே விதி இருக்கட்டும். கோயிலில் பெரிய குடில் கட்டும் இளைஞர்களே, அதன் ஒரு பக்கத்தை ஞாயிறு பள்ளியின் சின்ன வகுப்புக்கு முழுமையாக விட்டுவிடுங்கள், அவர்கள் செய்ததை இரவோடு இரவாகத் திருத்தாதீர்கள். சாந்தோமிலும் லஸ் காட்டுக் கோயிலிலும் பெசன்ட் நகரிலும் குடிலைப் பார்க்க எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கும் அங்கே தாழ்வாக ஓர் இடம் வேண்டும்.